லாரி விபத்துகளும் நமது உரிமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. குறளின் நயத்தையும் சிலம்பின் சிறப்பையும் கேட்க விழையும் இவ்வவையில் லாரி விபத்தைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், தமிழ்ச் சங்கம் என்பது மொழியைப் பேணுவதற்கு மட்டும் அமைந்ததன்று. அம்மொழியைப் பேசும் குடும்பங்கள் இடுக்கண் உற்றபோது வழிகாட்டுவதும் அதன் கடமையேயாகும். அக்கருத்தினாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

நம் முன்னோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து இத்தங்கவயலுக்கு வந்து, மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிப் பொன் எடுத்தவர்கள். அங்கே பாறை வெடித்துச் சரிந்து உயிர்கள் மாய்ந்ததை இவ்வூர் நன்கறியும். ஆனால் சுரங்கத்தில் விபத்து நேர்ந்தால், "முட்டுக்கொடுத்தவர் யார்? கம்பிக்கயிற்றைச் சோதித்தவர் யார்? கங்காணி எங்கிருந்தார்?" என்ற வினாக்கள் எழுந்தன. நட்ட ஈடு கேட்கும் வழியும் தொழிலாளருக்குத் தெரிந்திருந்தது. தெரியாதார்க்குத் தொழிற்சங்கம் சொல்லிக் கொடுத்தது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் நம் இளைஞர்கள் பிழைப்பைத் தேடிச் சாலைக்கும் இரயிலுக்கும் வந்துவிட்டனர். ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் பெங்களூர் சென்று திரும்புகின்றனர். பலர் லாரி ஓட்டுகின்றனர். பலர் கிளீனராகவும் சுமை ஏற்றுவோராகவும் உழைக்கின்றனர். பூமிக்கடியில் இருந்த ஆபத்து இன்று சாலைமீது வந்து நிற்கிறது. ஆனால் சாலையில் ஒருவர் மாண்டால் நாம் என்ன சொல்லுகிறோம்? "விதி முடிந்தது" என்கிறோம். சுரங்கத்தில் கேட்ட வினாக்களைச் சாலையில் கேட்பதில்லை. இம்மனப்பான்மை மாறவேண்டும் என்பதே இவ்வுரையின் சாரம். லாரி விபத்துக்குக் காரணம் உண்டு. அக்காரணத்துக்குப் பொறுப்பாளி உண்டு. அப்பொறுப்பை நிலைநாட்டச் சட்டமும் உண்டு.

முதலில் காரணங்களை ஆராய்வோம். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. இவ்விறப்புகளில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டவை மிகுவேகத்தால் நேர்ந்தவை என்றும் அவ்வறிக்கையே தெரிவிக்கிறது. வேகம் இருமடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளி மாணவரும் அறிந்த அறிவியல். அவ்வேகத்தோடு இருபது முப்பது டன் பாரமும் சேருமாயின் எதிர்ப்படுவோர் கதி என்னாகும்? அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் விதிக்கச் சட்டம் இடந்தருகிறது. அப்படியிருந்தும் கூடுதல் நடைக்கூலிக்கு ஆசைப்பட்டுப் பாரத்தை ஏற்றுவோர் குறைந்தபாடில்லை.

இரண்டாவது காரணம் உறக்கமின்மை. 2020 பிப்ரவரி 20 அன்று விடியற்காலையில், அவிநாசி அருகே கண்டெய்னர் லாரியொன்று சாலை நடுவிலிருந்த தடுப்பைத் தாண்டி, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் சென்றுகொண்டிருந்த கேரள அரசுப் பேருந்தின்மீது மோதியது. 19 பேர் மாண்டனர். டயர் வெடித்ததாக முதலில் சொல்லப்பட்டது. லாரி ஓட்டுநர் கண்ணயர்ந்ததே காரணம் என்று பின்னர் விசாரித்த அதிகாரிகள் கூறினர். கண்ணயர்ந்தவர் ஓட்டுநர்தாம். ஆனால் அவரை உறங்கவிடாமல் ஓட்டச் செய்யும் தொழில் முறையை நாம் மறந்துவிடலாகாது. 2025 நவம்பர் வரை நடைமுறையிலிருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை என்றும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரைமணி நேரமேனும் ஓய்வு தரவேண்டும் என்றும் விதித்திருந்தது. நெடுந்தொலைவுப் பயணத்துக்கு மட்டும் பத்து மணி நேரம் வரை இடந்தந்தது. சட்டம் ஏட்டிலிருக்க, லாரி இரவு பகலாகச் சாலையில் ஓடியது.

மூன்றாவது காரணம், நிற்கும் லாரியும் நிற்கும் வண்டியும். 2023 அக்டோபர் 26 அன்று காலை, சிக்கபள்ளாபூர் அருகே பனிமூட்டத்தில் நெடுஞ்சாலையில் நின்றிருந்த டேங்கர் லாரியின் பின்புறம் ஒரு வாகனம் மோதி 13 பேர் இறந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று, நம் ஊருக்குத் தொலைவில் இல்லாத நாட்றம்பள்ளி அருகே, பழுதாகி நின்ற சுற்றுலா வேனின்மீது பின்னால் வந்த சிறு லாரி மோதியது. வேனுக்கு முன்னே சாலையில் அமர்ந்திருந்த ஏழு பெண்கள் மாண்டனர். வண்டி பழுதானால் எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, முக்கோணப் பலகையைத் தொலைவில் வைத்து, அனைவரும் சாலையை விட்டு விலகித் தடுப்புக்கு அப்பால் நிற்றல் வேண்டும். வண்டியின் அருகிலோ சாலை நடுத்திட்டிலோ ஒருபோதும் அமரலாகாது. இதனை இங்குள்ள தாய்மார்கள் ஒவ்வொரு யாத்திரையிலும் நினைவிற் கொள்ளவேண்டும் என வேண்டுகிறோம்.

நான்காவது காரணம் பிரேக். சேலம் செல்லும் வழியில் தொப்பூர் கணவாயை அறியாதார் நம்மில் இலர். அங்கே நேர்ந்த விபத்துகள் எண்ணற்றவை. 2024 ஜனவரி 24 அன்றும் கட்டுக்கடங்காத லாரி முன்சென்ற வண்டிகள்மீது மோதி நால்வர் உயிரிழந்தனர். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை ஓயாமல் அழுத்தினால் டிரம் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். கீழ்க் கியரில் இறங்குவதே முறை. டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் வண்டியை உருளவிடுவது, சிறு காசுக்காக உயிரைப் பணயம் வைப்பதாகும். வண்டியைப் பழுது பார்த்துத் தகுதிச் சான்று பெறும் பொறுப்போ உரிமையாளருடையது. எட்டு ஆண்டுகள் வரை ஈராண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் அச்சான்றைப் புதுப்பித்தாக வேண்டும்.

ஐந்தாவது, ஓட்டுநர் கண்ணுக்குப் புலப்படாத இடங்கள். லாரியின் மூக்குக்குக் கீழேயும், இடப்பக்கத்திலும், நேர் பின்னாலும் வருவோரை ஓட்டுநர் காண இயலாது. லாரி இடப்புறம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட உட்புறமாக ஒதுங்கி வரும். இடையில் அகப்பட்ட சைக்கிளும் ஸ்கூட்டரும் நசுங்கிவிடும். லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியவில்லையாயின், நாமும் அவருக்குத் தெரியவில்லை என்று கொள்க.

இனிப் பொறுப்பு யாருடையது என்பதற்கு வருவோம். கவனக்குறைவாக ஓட்டியவர்மீது குற்ற வழக்கு ஒருபுறம் நடைபெறும். பாதிக்கப்பட்டோர் இழப்பீடு கோரும் வழக்கு அதனின்றும் வேறு. குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலை பெற்றாலும் இழப்பீட்டு வழக்கு அதனாலேயே அழிந்துவிடாது. பணியாளர் பணியின்போது செய்த பிழைக்கு எசமானர் பொறுப்பாவார் என்பது சட்ட நெறி. ஆதலின் லாரி உரிமையாளர், ஓட்டுநரைக் கைகாட்டிவிட்டுத் தப்பிக்கொள்ள இயலாது. பொதுச்சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாதலால், நடைமுறையில் பணத்தைத் தருவது பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் நிறுவனமே.

"ஓட்டுநருக்கு லைசென்சு இல்லையாம்; இன்ஷூரன்சு கிடைக்காதாம்" என்று சிலர் நம்மை மனந்தளரச் செய்வர். 2004ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி கண்டது. அத்தகைய குறை நிறுவப்பட்டாலும், மூன்றாம் நபருக்கு முதலில் பணத்தைக் கொடுக்குமாறும், பின்னர் அதனை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளுமாறும் நிறுவனத்துக்கு ஆணையிடலாம் என அது தீர்ப்பளித்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சரக்கு லாரியில் பயணியாக ஏறிச் செல்பவர் 'மூன்றாம் நபர்' என்ற காப்புக்குள் வருவதில்லை. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் குடும்பத்தோடு லாரியிலும் சரக்கு ஆட்டோவிலும் ஏறிச் செல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அங்ஙனம் சென்று விபத்துக்குள்ளானால் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியுள்ளது. உரிமையாளரிடமே பெறவேண்டும், அவர் வறியவராயின் தீர்ப்பு காகிதமாகவே நின்றுவிடும். தம் சரக்கோடு செல்லும் சரக்கு உரிமையாளருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் மட்டும் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் காப்பளித்துள்ளது. 2025 ஜனவரி 22 அன்று வட கன்னட மாவட்டத்து எல்லாப்பூர் அருகே, சந்தைக்குக் காய்கனி கொண்டு சென்ற வியாபாரிகளின் லாரி கவிழ்ந்து பத்துப் பேர் மாண்ட செய்தியைப் படித்திருப்பீர்கள். சந்தைக்குச் செல்லும் நம் சிறு வியாபாரிகள், தம் சரக்குக்குரிய பற்றுச்சீட்டைக் கையோடு வைத்திருத்தல் நன்று. தாம் சரக்கின் உரிமையாளர் என்பதற்கு அதுவே சான்றாகும்.

லாரியில் வேலை செய்யும் ஓட்டுநரும் கிளீனரும் காயமுற்றால் என் செய்வது? சுரங்கத் தொழிலாளருக்குப் பழக்கமான அதே 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 2025 நவம்பர் வரை அவர்களுக்குத் துணை நின்றது; அதன் இடத்தில் இன்று 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு துணை நிற்கும். விபத்தில் ஓட்டுநரின் தவறே இருந்தாலும், வேலையின்போது நேர்ந்த காயமாயின் அச்சட்டப்படி ஈடு கிடைக்கும். இச்சட்டத்தின் வழியோ மோட்டார் வாகனச் சட்டத்தின் வழியோ ஒன்றையே தேர்ந்துகொள்ள வேண்டும். இரண்டிலும் கோர இயலாது. எது நலம் என்பதை வழக்கறிஞரைக் கேட்டுத் துணிதல் வேண்டும்.

இழப்பீடு எவ்வளவு கிடைக்கும் என்ற ஐயம் எழும். இதற்கு 2009இலும் 2017இலும் உச்ச நீதிமன்றம் கணக்கு முறையை வகுத்துள்ளது. எடுத்துக்காட்டாக, மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் 34 வயதுச் சுமைத் தொழிலாளி ஒருவர், மனைவி, இரு மக்கள், தாய் என நால்வரை விட்டு இறந்ததாக வைத்துக்கொள்வோம். நிலையான சம்பளம் பெறுவோரும் சுயதொழில் செய்வோரும் நாற்பது வயதுக்கு உட்பட்டவராயின், எதிர்கால வருவாய் உயர்வுக்காக நூற்றுக்கு நாற்பது கூட்டவேண்டும். மாத வருவாய் 21,000 ஆகிறது. அவர் தமக்கெனச் செலவிடும் நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750, ஆண்டுக்கு 1,89,000. அவ்வயதுக்குரிய பெருக்கும் எண் 16. ஆக, 30,24,000 ரூபாய். ஈமச் செலவும் பிறவும் இதற்கு மேல்.

இத்தொகையை நாம் எடுத்துரைப்பது ஆசை மூட்டுவதற்கன்று. துக்க வீட்டுக்குத் தரகர் ஒருவர் வந்து, முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சில ஆயிரங்களை நீட்டிச் சமாதானம் பேசும் வழக்கத்தை நாம் அனைவரும் அறிவோம். முப்பது இலட்சத்துக்கு உரிமையுடைய கைம்பெண், அடுப்பெரியாத வீட்டில் அச்சில ஆயிரங்களுக்குக் கையெழுத்திடுகிறாள். அவளுடைய பிள்ளைகளின் படிப்பு அன்றே முடிந்துபோகிறது. அறியாமைக்கு இதனினும் பெரிய விலை வேறுண்டோ?

இறந்தவர் வீட்டை நடத்திய பெண்மணியாயின், "அவர்க்கு வருவாய் இல்லையே" என்று வாளா இருத்தல் கூடாது. இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருவாய் மதிப்பிட்டு ஈடு வழங்கவேண்டும் என்பதை 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது. கை கால் இழந்தோர்க்கும், ஊனத்தின் அளவை மட்டும் பாராது, அவ்வூனம் அவருடைய தொழிலை எவ்வளவு கெடுத்தது என்பதையே நோக்கவேண்டும் என்று 2010இல் தீர்ப்பாயிற்று. எழுத்தருக்குக் கால் போவதும் லாரி ஓட்டுநருக்குக் கால் போவதும் ஒன்றாகா என்க.

இனி, விபத்து நேர்ந்தால் செய்யவேண்டியவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, உயிர் காத்தல். 112 அல்லது 108 என்ற எண்ணுக்கு அழைக்கவேண்டும். அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்தால் வழக்கில் சிக்கிக்கொள்வோம் என்ற அச்சம் இனி வேண்டா. சேவ்லைஃப் அறக்கட்டளை தொடுத்த வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும், நல்லெண்ணத்தோடு உதவுவோர்க்குக் காப்பளித்துள்ளன. அவர் தம் பெயரைச் சொல்லவும் கட்டாயமில்லை. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டப்படி, சாலை விபத்தில் காயமுற்றவர்க்கு ஏழு நாள் வரை, 1,50,000 ரூபாய் அளவுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை பெற வழியுண்டு.

இரண்டாவது, சான்று சேர்த்தல். லாரியின் எண்ணைக் குறித்துக்கொள்க. வண்டி அகற்றப்படுமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்க. போலீசில் புகார் பதிந்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெறுக. மருத்துவச் சீட்டுகள், ரசீதுகள், சம்பளச் சான்று, வயதுச் சான்று ஆகியவற்றை ஒரே உறையில் இட்டுப் பாதுகாக்க. மூலத்தாள்களை எவரிடமும் நகலெடுக்காமல் ஒப்படைக்கலாகாது.

மூன்றாவது, வழக்கிடுதல். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யவேண்டும். கர்நாடகத்தில் இதனை எம்.வி.சி. வழக்கு என்றும், தமிழ்நாட்டில் எம்.சி.ஓ.பி. என்றும் வழங்குவர். எல்லையோரத்தில் வாழும் நமக்கு உதவும் செய்தி ஒன்றுண்டு. விபத்து நேர்ந்த இடத்திலேதான் வழக்கிட வேண்டுமென்பதில்லை. பாதிக்கப்பட்டோர் வாழும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலும் இடலாம். வேலூரிலோ சித்தூரிலோ அடிபட்டவர், அங்கே அலையாமல் இங்கிருந்தே உரிமை கோரலாம். ஆறு திங்களுக்குள் மனுச் செய்யவேண்டும் என்ற வரம்பு 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அவ்வரம்பு உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்காடப்பட்டிருப்பினும், அதனை நம்பிக் காலந்தாழ்த்துதல் அறிவுடைமையாகாது.

எவர் தவறு என நிறுவ இயலாத நிலையிலும், இறப்புக்கு ஐந்து இலட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை இலட்சமும் கோரும் வழி சட்டத்தில் உண்டு. மோதிவிட்டு ஓடிய வண்டி எதுவெனத் தெரியாவிடின், இறப்புக்கு இரண்டு இலட்சமும் கொடுங்காயத்துக்கு ஐம்பதாயிரமும் அரசு வகுத்த திட்டத்தின்வழிப் பெறலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பொருளில்லை என்று வருந்துவோர், சட்டப் பணிகள் குழுவை நாடலாம். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், ஆலைத் தொழிலாளர் ஆகியோர்க்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம்.

அன்பர்களே, ஓட்டுநர்கள்மீது பழி சுமத்துவது நமது நோக்கமன்று. அவர்களுள் பலர் நம் உடன்பிறந்தார்; இந்த அவையிலும் இருக்கின்றனர். அவர்கட்குப் போதிய உறக்கமும், பழுதற்ற பிரேக்கும், அளவான பாரமும் கிடைக்குமாயின் சாலையில் செல்லும் நம் பிள்ளைகளும் பிழைப்பர். ஆகவே ஓட்டுநரின் உரிமையும் வழிப்போக்கரின் உரிமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இறுதியாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். எழுத்தறிவும் ஓய்வுமுடைய நால்வர் கொண்ட குழுவொன்றை அமைத்தல் வேண்டும். நம் பேட்டையில் எவ்வீட்டில் விபத்துத் துயர் நேர்ந்தாலும், தரகர் வருமுன் அக்குழுவினர் அவ்வீட்டு வாயிலில் நிற்கவேண்டும். அறிக்கையின் நகலைப் பெற்றுத் தருவதும், ஆவணங்களை ஒழுங்குபடுத்துவதும், சட்ட உதவிக் குழுவுக்கு உடன் அழைத்துச் செல்வதும் அவர்தம் பணியாகட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. மனமும் நடையும் போதும். சுரங்கத்தின் இருளில் ஒருவர் விளக்கை மற்றவர் பார்த்து நடந்த மரபினர் நாம். வெயிலடிக்கும் சாலையில் அம்மரபைக் கைவிடலாமா?